எங்கப்பாவின் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கும் என்று உங்கள் ஃபைலில் இல்லை

மும்பையில் புற்றுநோய் மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும், அங்கே டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிற டாக்டர்களுக்கும், வணக்கம்.

இது முழுக்கப் புகார்க் கடிதம் இல்லை. எங்கப்பா உயிரோடு இருக்கிறார். கன்னத்தின் உள்பக்கம் வந்த கட்டியை 2023 ஆகஸ்டில் வெட்டி எடுத்தீர்கள், கழுத்தில் நெறிகட்டியிருந்ததையும் சேர்த்து எடுத்தீர்கள், அப்புறம் முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்தீர்கள். இரண்டு வருடம் தாண்டிவிட்டது, ஒவ்வொரு செக்கப்பிலும் சுத்தம் என்கிறீர்கள். அதற்கு நாங்கள் ஆயுசுக்கும் கடமைப்பட்டவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. மும்பை, கேன்சர் என்றதும் எல்லோரும் பரேல் டாடா மெமோரியலா என்று கேட்கிறார்கள், அது இல்லை. பெயர் தெரிந்து ஆகப்போவதும் இல்லை, ஏனென்றால் இதே கதையைத் தாராவியில் மட்டும் நாலு வீட்டில் கேட்டுவிட்டேன், நாலும் வேறு வேறு மருத்துவமனை.

அப்பா இட்லி வியாபாரி. சைக்கிள் கேரியரில் அலுமினியத் தேக்சா, ஹாண்டில்பாரில் சட்னித் தூக்கு, வலது கை பக்கம் ரப்பர் ஹாரன். ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்து, ஆறு மணிக்குள் சைக்கிளை எடுத்து, சுன்னாபட்டி வழியாக குர்லா வரை போய் வருவார். முப்பத்திரண்டு வருடமாக அதே வழி. சம்மரியில் தொழில் என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, அவரும் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார்.

கரண்ட் முடிந்து மூன்றாவது மாதம், 2024 பிப்ரவரி, செக்கப்பில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினீர்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கென்று தனியாக இட்லி ஊற்றினாள். அதுவரை கஞ்சியும் மிக்சியில் அடித்த சாதமும்தான். அப்பா ஒரு இட்லியை எடுத்தார், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார், நுழையவில்லை. பிட்டார், இன்னும் சின்னதாகப் பிட்டார், கடைசியில் தட்டிலேயே நசுக்கி ஒரு விரலால் வழித்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் தள்ளினார். எங்கள் இட்லி நடுவில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா தட்டை வாங்கிக்கொண்டு போய் மோர் விட்டுக் கரைத்துக் கொண்டுவந்தாள். அவர் அதைக் குடித்தார்.

மறுநாள் உட்கார்ந்து ஃபைலை முழுக்கப் படித்தேன். நான் அந்தேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள், காகிதம் எனக்குப் பயம் இல்லை. கட்டியின் அளவு மூன்று திசையிலும் இருக்கிறது. எத்தனை நெறி எடுத்தீர்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது, எத்தனை கிரே (கதிரின் அளவு) கரண்ட், ரத்தத்தில் எத்தனை ஹீமோகுளோபின், எல்லாம் தசமப் புள்ளியோடு இருக்கிறது. அறிவுரை என்ற பகுதியில் எட்டாவது வரியாக, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை, வாய் திறக்கும் பயிற்சி செய்யவும். எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, யாரிடம் கற்றுக்கொள்வது, எதுவும் இல்லை. அதற்கு முந்தைய வரி உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்கிறது, அடுத்த வரி காய்ச்சல் வந்தால் வரச் சொல்கிறது. நடுவில் இது மாட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்திருந்தும் எங்களுக்கு வந்து சேரவில்லை. மென்று தின்ன உதவும் தசைகள் கதிர் பட்ட இடத்திலேயே இருக்கின்றன. அவை அன்றைக்கே இறுகுவதில்லை, கரண்ட் முடிந்த பிறகு வாரம் வாரமாக, மாதம் மாதமாக நார் மாதிரி கெட்டியாகிக்கொண்டே போகின்றன. வலிக்கிறதே என்று ஆள் வாயைக் குறைவாகத் திறக்கிறார், குறைவாகத் திறப்பதால் இன்னும் இறுகுகிறது. மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் இடையில் 35 மி.மீ.க்குக் கீழே போனால் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். ஸ்கேல் இல்லையென்றால், ஆள்காட்டி விரலிலிருந்து மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே விட்டுப் பார்க்கலாம், அவரவர் விரல் அவரவர் வாய்க்கு. அப்பாவுக்கு ஒரு விரல் போனது. அளந்தபோது 13 மி.மீ.

ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது? யாருக்கும் தெரியாது. பல வருடம் தம்பாக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் அடக்கிவைத்த வாய், அப்போதே கொஞ்சம் குறைந்துதான் இருந்திருக்கும். (குட்காவுக்கு மகாராஷ்டிராவில் 2012-லேயே தடை. எங்கள் தெருமுனையில் என்ன விற்கிறது என்று கேட்காதீர்கள்.) அண்ணன் கல்யாண ஆல்பத்தில் அப்பா வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ ஒன்று உண்டு. ஒருநாள் அதன்மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் வேறு எந்த ரிக்கார்டும் எங்களிடம் இல்லை.

இதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் செக்கப்பில் உங்கள் ஜூனியர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், இன்னும் திறங்க, இன்னும் திறங்க என்றார், அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை திறந்தார், கடைசியில் டாக்டர் சரி என்று ஏதோ எழுதிக்கொண்டார். நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்கிற ஜன்னலே அதுதான், அது சாத்திக்கிடக்கிறது. பல் டாக்டரும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். எச்சில் வற்றிப்போன வாயில் பல் சீக்கிரம் கெடும், கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு, அதனால் பல்லைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும், அதற்கு பிரஷ் உள்ளே போக வேண்டும். நாளைக்கு வேறு எதற்காவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டருக்கும் குழாய் விட வழி வேண்டும். இவ்வளவும் அந்த எட்டாவது வரியில் தொங்குகிறது.

தோள் வேறு. கழுத்து நெறியை எடுக்கும்போது தோளைத் தூக்குகிற தசைக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது, அதை வெட்டாமல் காப்பாற்றினாலும் இழுபட்டுச் சோர்ந்துபோகும், எழுந்திருக்க மாதங்கள் ஆகும் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நரம்பு தூங்குகிற மாதங்களில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டே இறுகிவிடும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? ஆபரேஷன் ஆன பக்கமாயிற்றே என்று ஆறு மாதம் அந்தக் கையை அசைக்கவே விடவில்லை. தண்ணீர் சொம்பைக்கூட இடது கையில் கொடுத்தோம். பாசத்தில் செய்த காரியம், கெடுதல் நாங்களே செய்தோம்.

அதனால் 2024 மார்ச்சில் அவர் தேக்சாவைக் கேரியரில் ஏற்றப் பார்த்தபோது வலது கை தோள் உயரத்துக்கு மேல் போகவே இல்லை. தேக்சா சாய்ந்து அன்றைய ஈட்டில் பாதி ரோட்டில். அதற்கப்புறம் சித்தப்பா மகன் ஏற்றிக் கொடுத்தான், ஆனால் வழியில் இறக்கி ஏற்ற யார் வருவார்கள்? ஹாரனை மட்டும் அவரால் அழுத்த முடிந்தது. பேச்சு குழறியதால் முன்னைப் போல் வாடிக்கைக்காரர்களிடம் வாயாடவும் முடியவில்லை, ஹாரன்தான் பேசியது. ஒரு மாதத்தில் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்.

மே மாதம் மாதுங்கா பக்கம் ஓர் அறக்கட்டளை கிளினிக்கில் ஒரு பிசியோதெரபி பெண்ணைப் பார்த்தோம். உங்கள் மருத்துவமனை அனுப்பி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலிக்குப் போகிற இடம். அந்தப் பெண் முதல் கேள்வியாகவே அப்பாவிடம் கேட்டது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று. இட்லி என்றதும், தேக்சா எத்தனை கிலோ, எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தக் கையால் பிரேக் பிடிப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதியது. அப்பா முதல்முறையாக ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். கட்டிலில் ஒரு பக்கெட்டை வைத்துத் தூக்கச் சொல்லி, அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பின்னால் நின்று தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பார்த்தது.

வாய்க்கு ஐஸ்குச்சி. வெளிநாட்டில் இதற்கென்றே வாயில் வைத்து நெம்புகிற கருவி இருக்கிறதாம், விலையைக் கேட்டால் நமக்கு இருக்கிற வாயும் மூடிக்கொள்ளும். அதற்கு வைத்திருக்கிற கணக்கு ஏழு தடவை, ஒவ்வொன்றும் ஏழு விநாடி, ஒரு நாளைக்கு ஏழு வேளை. அதே கணக்கைக் குச்சிக்கு வைத்துக் கொடுத்தது அந்தப் பெண். தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் கொடுத்து, நடுவில் இன்னொன்றை மெதுவாகச் செருகி, இழுப்பது தெரிய வேண்டும், உயிர் போகிற மாதிரி வலிக்கக் கூடாது. எந்தப் பல்லில் வைக்கலாம், எதில் கூடாது என்று முதலில் பார்த்துக் குறித்துக் கொடுத்தது, யாரும் படித்துவிட்டுத் தானாகச் செய்ய வேண்டாம். முதல் நாள் எட்டு குச்சி. ஒரு குச்சி ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்று வாரம் எட்டிலேயே நின்றது. அப்பா குச்சிகளைத் தூக்கி எறிந்தார், அம்மா பொறுக்கிக் கழுவி வைத்தாள். ஒன்பதாவது குச்சி போன அன்றைக்கு எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். இன்றைக்கு எத்தனை குச்சி என்பதுதான் எங்கள் வீட்டில் குட் மார்னிங். இப்போது பதினேழு. 27 மி.மீ. இட்லி முழுசாகப் போகிறது, வடாபாவ் இன்னும் போகவில்லை. தோளும் காதளவுக்கு வந்துவிட்டது, வாரத்தில் நாலு நாள் சைக்கிள் எடுக்கிறார், குர்லா வரை இல்லை, சயான் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

அந்தப் பெண் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. கரண்ட் வைக்கும்போதே வந்திருந்தால் இவ்வளவு இறுகியிருக்காது என்றது. குறை சொல்கிற குரலில் இல்லை, சும்மா நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னது. இறுகிய பிறகு நீட்டுவது ரொம்பக் கஷ்டம், இறுகாமல் பார்த்துக்கொள்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அப்பா உங்கள் கட்டிடத்தில்தான் இருந்தார். டோக்கன் வாங்கி இரண்டு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த முப்பது நாளில் ஒரு நாள், அரைமணி நேரம், ஒரு ஆள் வந்து ஸ்கேலும் குச்சியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் கேட்டால் உங்களிடம் பிசியோதெரபி பிரிவே இருக்கிறது! பக்கத்துக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி. ஏன் அனுப்பவில்லை என்றேன். நோயாளி கேட்டால் அனுப்புவோம் என்றார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே சார் கேட்பதற்கு? பயாப்ஸி வேண்டும் என்று அப்பாவா கேட்டார்?

எங்கள் சாலில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன அக்கா ஒருவர் இருக்கிறார், அக்குள் நெறியெல்லாம் எடுத்தவர். அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும் என்கிறார்கள், இவருக்கும் வீங்கியது. ஆயுசுக்கும் அந்தக் கையால் எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வேலை செய்து பிழைக்கிற பெண்ணிடம் இதைச் சொல்கிறவர் எந்த உலகத்தில் இருக்கிறார்? அதுவும் 2009-லேயே, கை வீங்கிய 141 பெண்களை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகினால் வீக்கம் கூடுவதில்லை, திடீர் திடீரென்று மோசமாவதும் குறைகிறது என்று அமெரிக்காவில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுத்து, அழுத்த உறை மாட்டிக்கொண்டு. இன்னொரு அண்ணாச்சிக்குக் கீமோவுக்குப் பிறகு பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் நடக்கிறார். அவருக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள்.

இதெல்லாம் உயிர் காப்பாற்றிய பிறகு வரும் சௌகரியம், எங்களுக்கு உயிரைப் பார்க்கவே நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். வரிசையைப் பார்த்தால் எனக்கே புரிகிறது. 2022 கணக்கில் இந்தியாவில் ஒரு வருடத்தில் புதிதாக நோய் வந்தவர்கள் 14 லட்சம். ஆனால் அதே கணக்கில், நோய் கண்டுபிடித்து ஐந்து வருடத்துக்குள் உயிரோடு இருக்கிறவர்கள் 32 லட்சத்துக்கு மேல். இவர்களும் உங்கள் ஆட்கள்தானே. போதாததற்கு 2025 ஜூனில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. குடல் புற்றுநோய் அது, வாய் இல்லை, அதை இதற்குப் பொருத்த மாட்டேன். ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி, இன்னொரு பாதிக்குக் கையேடு மட்டும். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள், கையேடு வாங்கியவர்களில் நூற்றுக்கு 83, ஆளோடு பழகியவர்களில் 90. ஆளுக்கும் காகிதத்துக்கும் உள்ள தூரத்தை யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் என் கண்ணில் பட்டது. எங்களுக்குக் கிடைத்தது காகிதம், அதிலும் ஒரே ஒரு வரி.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதால் சுருக்கமாக. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கிறது, டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் வரையும் பார்க்கிறது. வாய் மாதம் மாதமாக இறுகிக்கொண்டே போவது பதினாறாவது நாளுக்கு அப்புறமும்தான். அரசாங்கத்துக்கு எழுதும்போது உங்கள் சங்கங்கள் இதை ஒரு வரி எழுதலாம், நாங்கள் எழுதினால் படிக்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ன் 21 வகைப் பட்டியலில் பேச்சுக் குறைபாட்டுக்கு உதாரணமாகக் குரல்வளை எடுத்தவர்களைச் சொல்லியிருக்கிறார்கள், நல்லது, இறுகிய தாடைக்கு அதில் இடம் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம், அது பெரிய உதவி, கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடியாத ஆளுக்கு உட்கார இடம் கிடைக்கும். ஒருநாள் ஒருவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து உங்களுக்கு என்ன என்று கேட்டாராம். வாயைத் திறந்து காட்ட முடிந்தால் நான் ஏன் இந்தப் பெட்டியில் ஏறுகிறேன் என்று சொல்ல நினைத்தாராம், குழறும் என்று சொல்லவில்லை. வீட்டில் வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். புதுக் கட்டிடம் வேண்டாம். கத்தி வைப்பதற்கு முந்தைய நாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலால் வாயை அளந்து, கையை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்து, இரண்டு எண்களையும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், எடை எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே. ஒவ்வொரு செக்கப்பிலும் திரும்ப அளந்து அதற்குக் கீழே எழுதுங்கள். எண் குறைந்தால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் யாராவது கேட்பார்கள். பிசியோதெரபிக்கும், பேச்சு மற்றும் விழுங்கும் பயிற்சிக்கும் சீட்டு தானாகவே எழுதப்பட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது போல, வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லட்டும். செக்கப் தேதியிலேயே அதையும் வைத்துவிடுங்கள், தனியாக இன்னொரு நாள் என்றால் அன்றைய கூலி போகும், எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள், பிறகு நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவீர்கள். பயிற்சியைச் செய்து காட்டி, அவரையும் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அப்பாவின் இந்தி இட்லி விற்கிற இந்தி, கூடவந்த எங்களில் யாரையாவது கூப்பிட்டுச் சொன்னால் போதும், நாங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்வோம். அப்புறம் அந்தத் தொழில் என்ற கட்டத்தில் பிசினஸ் என்று யாராவது சொன்னால், என்ன பிசினஸ் என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

அடுத்த மாதம் அப்பாவுக்குச் செக்கப் இருக்கிறது. ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றை என் கைப்பையில் கொண்டுவருவேன், வீட்டு நோட்டையும். 2024 மே 13 மி.மீ., இப்போது 27. டார்ச் அடிப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை அளந்து, உங்கள் கையெழுத்தில் ஃபைலில் ஏற்றிவிடுங்கள். அன்றைக்கு வரும்போது ஒரு டப்பா இட்லியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அப்பா, காலை ஈட்டிலிருந்து.

இப்படிக்கு,
90 அடி சாலை இட்லிக்காரரின் மகள்,
தாராவி, மும்பை